வெறுங்கை விமானிகள்

“போர் விமானிகளின் தேவையறிந்து காக்பிட் திரைகளை வடிவமைக்கும் வல்லுநர்” என்கிறது கவியரசனின் அடையாள அட்டை. ஐந்து வருடமாக அந்தப் பதவியில் இருந்தும் அவர் ஒரு விமானியைக்கூடச் சந்தித்ததில்லை.

அவருடைய திரையைச் சோதிக்க முதன்முதலாக வந்த விமானி ராஜலட்சுமிக்கும் அவரைப் போலவே புதுக்கோட்டைப் பக்கம்தான். கையுறை அணிந்த விரலால் அவர் திரையில் தானியங்கி ஓட்டத்தை நிறுத்தப் போனால், பக்கத்துப் பொத்தானும் சேர்ந்தே அமுங்கியது.

ராஜலட்சுமி திரையை முன்பே சோதித்தவர்களின் கருத்துப் படிவங்களைப் புரட்டினார். “‘ரொம்ப வசதி’ன்னு ஆறு விமானிங்க எழுதியிருக்காங்களே! அம்புட்டுப் பேரும் வெறுங்கையோடயா பறக்குறாங்க? யாருங்க அவங்க? ஊர்க்காரிக்கிட்ட மறைக்காதீங்க.”

“ஆறும் ஒரே ஆளுதாங்க,” என்றார் கவியரசன், தரையைப் பார்த்து.

பொங்கலுக்கு ஆவுடையார்கோவில் போயிருந்தபோது, டிராக்டர் ஓட்டும் மச்சான் அழகுமலையை டேப்லெட்டில் அந்தத் திரையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஆறு விமானிகளின் படிவங்களையும் கவியரசனே நிரப்பியிருந்தார்.