பச்சை விளக்கை நம்பிய வேன்

நான் கணினி ஆய்வு மாணவி. ஓரிக்கை அருகே பாலாற்றுத் தரைப்பாலத்தில் ஒரு கேமரா பெட்டி பொருத்தியிருந்தேன். இணையம் இல்லாமலே அது தண்ணீரைப் பார்த்து முடிவெடுக்கும். பச்சை எரிந்தால் கடக்கலாம். சிவப்பு எரிந்தால் நிற்க வேண்டும். சந்தேகம் வந்தால் மஞ்சள் எரியும்படி முதலில் எழுதியிருந்தேன். அடிக்கடி மஞ்சள் எரிந்தால் கருவியை யாரும் மதிக்கமாட்டார்கள் என்று நானே அதை நீக்கிவிட்டேன்.

ஒரு மழைக்காலக் காலையில் நான் அங்கே நின்றிருந்தபோது பாலத்தின்மேல் செந்நீர் ஓடியது. பச்சை எரிந்ததால் பள்ளி வேன் இறங்கப் போனது. புல்லுக்கட்டோடு வந்த ஒரு அம்மா குறுக்கே நின்று அதை மறித்தார்.

"பச்சை எரியுதும்மா, போகலாம்" என்றேன்.

"அது எரிஞ்சிக்கினு கெடக்கட்டும். ஓரக்கல்லு ஒண்ணுகூட தெரியலயே, பிள்ளைங்கள எப்படிம்மா உடறது? மொதல்ல உன் பெட்டியப் போய்ப் பாரு."

பார்த்தேன். கேமராக் கண்ணாடி முழுக்கச் சேறு. எதுவுமே தெரியாமல்தான் அது பச்சை காட்டிக்கொண்டிருந்தது.

வேன் திரும்பியது. அரை மணி நேரத்தில் பாலம் மூழ்கியது.

மறுவாரம் ஆய்வுக் கூட்டத்தில், மஞ்சளை நீக்கிய என் தவறை நானே சொன்னேன். மனம் கொஞ்சம் லேசானது. ஆனால் அன்று திரும்பிய வேனின் ஜன்னலிலிருந்து ஒரு சிறுமி எனக்குக் கையசைத்திருந்தாள். பதிலுக்கு என்னால் கை தூக்க முடியவில்லை.