மான் கூட்டோரத்து அரளி

கண்டிக்கு வெளியே ஒரு சிறிய மிருகக்காட்சிசாலையில் செடிகளைப் பார்க்கும் வேலை கிடைத்தபோது, அதுவரை நான் தேயிலைக் கொழுந்து மட்டுமே பறித்திருந்தேன். அங்கே செடி வளர்ப்பது லேசான காரியமில்லை. நட்டதை மயில் கிளறும், குரங்கு பிடுங்கும். மான் கூட்டுக்குப் பின்னாலிருந்த சீமெந்துச் சுவரை மறைக்க ஏதாவது நடும்படி மேலாளர் சொன்னார். எதுவும் வாய் வைக்காத செடியாக இருக்கட்டும் என்று அரளியை நட்டேன்.

அரளி நஞ்சு என்பது எனக்குத் தெரியும். தோட்டத்து லய வீடுகளில் ஆடு வளர்த்த எல்லோருக்கும் தெரியும். அதனால் வேலிக்கு வெளியே, மானுக்கு எட்டாத தூரத்தில்தான் வைத்தேன். வெட்டும் கிளைகளை அன்றன்றே வண்டியில் ஏற்றிக் குப்பைக் குழிக்குக் கொண்டுபோய்விடுவேன்.

மான்களைப் பராமரித்தவர் அலவத்துகொடையிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் மனிதர். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். மான்களுக்கென்று வீட்டுப் பலாமரத்தில் ஒரு சாக்கு இலை ஒடித்து, இரண்டு பஸ் மாறித் தூக்கிக்கொண்டு வருவார். சினையாக இருந்த ஒரு மான் அவருடைய சட்டைப்பைக்குள் மூக்கை நுழைத்துத் தேடும். அவரும் ஏதாவது வைத்திருப்பார்.

பள்ளிக்கூட விடுமுறை நேரம் அது. நல்ல கூட்டம். பின்னேரம் அரளியைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கிளைகளை வேலியோரம் குவித்துவிட்டு ஒதுங்கி நின்றேன். மழை விடுகிற மாதிரி இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, வீட்டில் மகள் தனியாக இருந்தாள். காலையில் அள்ளிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

மறுநாள் நான்தான் முதலில் உள்ளே போனேன். அந்தச் சினை மான் கால்களை நீட்டிச் செத்துக் கிடந்தது. கம்பிக்கு உள்ளே மூன்று அரளிக் கிளைகள். மழை விட்டபிறகு யாரோ பிள்ளைகள் தீனி என்று நினைத்து நீட்டியிருக்க வேண்டும். இலைகளில் கடித்த அடையாளம் இருந்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை. கையை விட்டு அந்தக் கிளைகளை இழுத்தெடுத்தேன். குவியலோடு சேர்த்து வண்டியில் ஏற்றிக் குழியில் போட்டு, மேலே மண்ணைத் தள்ளினேன். அதற்குப் பிறகுதான் சத்தம் போட்டேன்.

ஏதோ நஞ்சு தின்றிருக்கிறது என்றார் மிருக வைத்தியர். வெளியிலிருந்து தீனி வந்ததா என்று மேலாளர் கேட்டதும், நானாவே முன்னால் வந்து பலா இலையைச் சொன்னார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றுவிட்டார்கள். சாக்கை மடித்துக்கொண்டு அவர் என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, அந்த எலைல ஒண்டும் இல்லதானே? நீங்களும் தினம் பாத்தீங்கதானே?"

"எனக்கு என்ன தெரியும் நானா" என்றேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே வேலை செய்தேன். மான் கூட்டுக்குப் புதிதாக வந்த ஆள் ஒருநாள், "அக்கா, இந்தப் பூவ மான் திங்குமா?" என்று கேட்டார். கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தேன். அன்றே மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் வாய்க்கு வந்தபடி ஏசினார். பிறகு, அரளியை வேரோடு எடுக்கவும், நானாவைத் திரும்ப வரச்சொல்லவும் சொன்னார். அவ்வளவுதான். இதற்குப் பயந்தா அத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்?

ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக்கொண்டு நானா வீட்டுக்குப் போனேன். "வாங்கொ தங்கச்சி, வாங்கொ" என்று கதிரையை இழுத்துப் போட்டார். முற்றத்தில் அகலமான ஓர் அடிக்கட்டை மட்டும் நின்றது.

"பலா எங்க நானா?"

"அரசாங்க அனுமதி எடுத்து வெட்டியாச்சி. அதுல மொளகுக் கொடி ஏத்தியிருந்தேன். கொடிக்கு அடிச்ச மருந்துதான் எலைலயும் பட்டிருக்கும். என்ட கையாலயே குடுத்துட்டேனே. பொறகு அந்த மரத்தப் பாக்கவே ஏலாமப் போச்சி."

நான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். மழை, குவியல், மூன்று கிளைகள், குழி, எதையும் விடவில்லை. அவருடைய மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

"அண்டைக்கே சொல்லியிருந்தா..." என்று தொடங்கினார். பிறகு கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். "குடிங்கொ, ஆறுது."

"மேலாளர் உங்கள வரச்சொன்னாரு நானா."

"வேணாம் தங்கச்சி."

தேத்தண்ணீரைக் குடித்து முடித்தேன். மிச்சம் வைக்க மனம் வரவில்லை. வேலை முடிந்து போகும்போதெல்லாம் "போயிட்டு வாங்கொ" என்பவர், அன்று வாசல் படலை வரை வந்து, "சரி, போங்கொ" என்று மட்டும் சொன்னார்.