ஐம்பத்திரண்டு கிலோவும் அம்மாவும்

ஜூடோவில் ஆளைத் தூக்கிப் போடுவது சுலபம். எடை மெஷினில் ஏறி நிற்பதுதான் கஷ்டம். டயட்டில் இருந்துகொண்டே கல்யாண வீட்டுக்குப் போன அன்பர்களே, என் அவஸ்தை உங்களுக்குப் புரியும்.

என் பிரிவு ஐம்பத்திரண்டு கிலோ. நூறு கிராம் கூடினாலும் ஆட விடமாட்டார்கள். தாம்பரத்தில் பழகி, கனடாவுக்குக் குடியேறி, குடியுரிமைக்கு வருஷக்கணக்கில் காத்திருந்து, அந்த நாட்டுக்காக முதல் சர்வதேசப் போட்டி ஆடப்போகிறேன். அதற்குப் பத்து நாள் முன்னால்தானா தம்பி கல்யாணம் வரவேண்டும்!

இலை

தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூர் வீட்டில் பெட்டியை வைத்ததுமே அம்மா இலை போட்டாள். எடை கூடக்கூடாது என்று கெஞ்சினேன். இரண்டாவது கரண்டி நெய்யை ஊற்றிவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு கிலோதானே கூடும்? தம்பி கல்யாணம்னு சொல்லு, அட்ஜஸ்ட் பண்ணிக்க மாட்டாங்களா?"

மழைக்கோட்டு

வியர்த்தாவது குறையட்டும் என்று மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக ஓடினேன். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. ஆனால் மாசம் ஐப்பசி, ஊரோ வெள்ளம் பார்த்த ஊர். இரண்டாவது சுற்று வருவதற்குள் மூன்று வீட்டில் பைக்கைப் படியேற்றிவிட்டார்கள். எதிர்வீட்டு ஆன்ட்டி ரேஷன் கார்டும் கையுமாக ஓடிவந்தார்: "ஏரியத் தொறந்துட்டாங்களாம்மா? காரைப் பாலத்து மேல கொண்டுபோய் நிறுத்தச் சொல்லட்டுமா?"

தராசு

கல்யாணம் முடிந்து கிளம்பும் நாள். வீட்டில் எடை மெஷின் கிடையாது. பழைய பேப்பர் கடை அண்ணனின் தராசில் ஏறினேன். ஐம்பத்து மூன்று கிலோ நானூறு கிராம். எனக்கு அழுகை முட்டியது. அண்ணன் மேலும் கீழும் பார்த்தார்: "இன்னாத்துக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு கீற? உன்ன பேப்பர் ரேட்லயா எடுப்பேன்? இரும்பு ரேட்டே போட்டுக்கலாம், வுடும்மா!"

பின்னல்

போட்டி நடக்கும் ஊரில் இரண்டு நாள் பட்டினியும் ஓட்டமும். எடை பார்க்க அரை மணி இருக்கும்போது இன்னும் நூறு கிராம் அதிகம். கழற்றி வைக்க உடம்பில் வேறொன்றும் பாக்கியில்லை. ஹோட்டலில் கத்தரிக்கோல் கேட்டு வாங்கினேன். கல்யாணத்தில் அம்மா முழம் முழமாகப் பூச்சுற்றிய பின்னல் அது. கண்ணை மூடிக்கொண்டு தோளோடு வெட்டினேன். மெஷின் சரியாக ஐம்பத்திரண்டு காட்டியது!

மறுநாள் முதுகில் கனடாவின் பெயரோடு இறங்கி, முதல் எதிராளியை அரை நிமிஷத்தில் மல்லாக்கப் போட்டேன். வீடியோவில் வீட்டைக் கூப்பிட்டேன். தம்பியும் அவன் மனைவியும் கைதட்டிக் கத்தினார்கள். அம்மா மட்டும் போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்: "ஜெயிச்சதெல்லாம் இருக்கட்டும்டி, பின்னல் எங்க?"

ஜூடோவில் நடுவர் ஒரு சொல் சொன்னால் ஆட்டம் நின்றுவிடும். அம்மா ஆரம்பித்தால் நிறுத்தச்சொல்ல எந்த நாட்டிலும் நடுவர் கிடையாது.