கருப்பு என்றால் நாகம்

என் சகலைக்குப் பெயிண்ட் கடை. மனைவியின் தங்கையைக் கட்டியவர் என்பதால் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

எது பால் வெள்ளை, எது தந்த வெள்ளை என்று தெருவில் நின்றே சொல்லிவிடுவார். அந்தத் திறமை நிஜம். அதோடு நின்றிருந்தால் நானும் மதித்திருப்பேன். நிறம் பிடிபட்டால் உலகமே பிடிபடும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ, பாம்பு பார்க்கக் கிளம்பிவிட்டார்.

எந்த வீட்டுக் கழிவறையில் பாம்பு தெரிந்தாலும் முதல் போன் அவருக்குத்தான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. கலந்துகொண்டிருந்த பெயிண்ட்டைப் பாதியில் விட்டுவிட்டு, நிற மாதிரிகள் அச்சிட்ட ஷேடு கார்டோடு வந்து நிற்பார். தலை எப்படி, செதில் எப்படி என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. கார்டை எட்ட நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொள்வார்.

“கருப்புன்னா நாகம். மஞ்சளோ பழுப்போ அடிச்சா சாரை. இதுல என்ன பெரிய படிப்பு வேண்டிக்கிடக்கு?”

அவர் வாக்கை நம்பி அடித்துக் கொன்ற கருஞ்சாரைகள் எத்தனையோ. எலி தின்றுகொண்டு தன்பாட்டில் கிடந்த ஜீவன்கள். ஒரு தடவை பொறுக்க முடியாமல், “சாரையிலயும் கருப்பு உண்டாம், சகல” என்றேன். “அது வேற கருப்பு” என்றார். இந்த அரைவேக்காட்டோடு என்ன பேசுவது?

ஜன்னலுக்கு பிரைமர் வாங்க அவர் கடைக்குப் போயிருந்த அன்று காலையில்தான் அது நடந்தது. பின்பக்கக் குடோனில் டப்பாக்களுக்கு இடையே பிரஷ் எடுக்கக் கையை விட்ட என் கொழுந்தியாள் அலறினாள். புறங்கையில் கடி. கோதுமை நிறத்தில் ஒரு பாம்பு தரையில் நழுவி ஓடியது. சரக்கு வாங்க வந்திருந்த பெயிண்டர் ஒருவர் அதைப் போனில் படம் பிடித்தார்.

சகலை எட்டிப் பார்த்தார். “சாரைதான். சோப்பு போட்டுக் கழுவு.”

“வம்பே வேணாம், ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்” என்றேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார்.

“ஊரே என்கிட்ட கேக்குது, சகல. நானே பொண்டாட்டியைத் தூக்கிட்டு ஓடினா, நாளைக்கு எவன் மதிப்பான்?”

அது அவள் காதில் விழுந்தது. “இருக்கட்டும் மாமா, வலி அவ்வளவா இல்ல” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்க் கல்லாவில் உட்கார்ந்தாள். பொய். கை வீங்கிக்கொண்டிருந்தது. இந்த மனுஷனின் மானத்தைக் காப்பாற்ற அவள் உயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கொஞ்ச நேரத்தில் அவள் இமைகள் தொங்கின. பேச்சு குழறியது. “பயத்துல தூக்கம் வருது” என்றார் மேதை. என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. நானும் பெயிண்டருமாக அவளைத் தூக்கி வண்டியில் போட்டோம்.

டாக்டர் இமைகளைப் பார்த்ததுமே விஷமுறிவு மருந்தை ஏற்றச் சொன்னார். மூச்சுக்குக் குழாய் வைத்தார். அதற்கப்புறம்தான் பெயிண்டரின் போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, பாம்பின் கழுத்துக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்த மூக்குக்கண்ணாடிக் குறியைக் காட்டினார். நாகம்.

“அந்தக் கலர்ல நாகம் வராதே. பெயிண்ட் கடைக்காரன் எனக்குத் தெரியாத கலரா?” என்றார், பின்னாலேயே வந்து சேர்ந்த சகலை.

“கருப்பா வரும், பழுப்பா வரும், கோதுமை மாதிரியும் வரும். தோல் உரிக்கிற சமயத்துல இன்னும் மங்கலாத் தெரியும். பாம்புக்கெல்லாம் உங்க கடையிலயா சார் பெயிண்ட் அடிக்கிறாங்க?”

அவள் பிழைத்தாள். குழாயை எடுத்த அன்று நானும் என் மனைவியும் பக்கத்தில் இருந்தோம். சகலை வந்தார். எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. கட்டில் மேல் குனிந்தார்.

“நல்லா யோசிச்சுச் சொல்லு. அதுல எங்கயாவது ஒரு ஓரத்துல கருப்பு தெரிஞ்சுதா?”

அவள் அவரைப் பார்த்தாள். குழாய் வைத்திருந்ததில் குரல் கம்மியிருந்தது. “இதைக் கேக்கத்தான் வந்தீங்களா?”

“பின்னே? பாக்கறவன் எல்லாம் கேக்கறான். நான் என்ன பதில் சொல்றது?”

அவள் என் மனைவி பக்கம் திரும்பினாள். “அக்கா, என் துணிமணியெல்லாம் எடுத்து உன் வீட்டுல வச்சுடு. நான் இனிமே அங்கதான் இருக்கப்போறேன்.”

அது அவர் காதில் ஏறவே இல்லை. “வால் பக்கமாவது?” என்றார்.