பங்குக் கிணற்றில் விட்ட தங்கமீன்

கிணற்றுக்குள் இருந்த சின்ன மீன்கள் என்னுடைய தங்கமீனால் செத்தனவா, சுகாதாரப் பகுதிக்காரர் கொட்டிய குளோரினால் செத்தனவா? இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. எனக்கு இன்னும் தெரியாது. போன கிழமை மகனின் மீன்தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தபோது அந்தக் கேள்வி திரும்பவும் வந்தது.

மகனுக்கு ஆறு வயது. பிறந்தநாளுக்கு வாங்கிக்கொடுத்த இரண்டு தங்கமீன்களில் ஒன்றின் வாலில் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். ஒட்டுண்ணிதான். உப்புக் கரைத்து ஊற்ற வேண்டும். உப்பை நிறுத்தேன். சந்தேகம் வந்து மறுபடி நிறுத்தேன். தண்ணீரின் சூட்டைப் பார்க்க மகனுக்குக் காய்ச்சல் பார்க்கும் தேர்மோமீற்றரையே தொட்டிக்குள் விட்டேன்.

“பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் நீர் இவ்வளவு பாடுபடேல்ல,” என்றார் கணவர்.

மகன் சிரிக்கவில்லை. “அம்மா, மற்ற மீனுக்கும் தொத்துமோ?”

“ஓம் அப்பன்.”

“அப்ப ஏன் ரெண்டையும் ஒண்டா விட்டு வச்சிருக்கிறீங்கள்?”

நான் வாளியை எடுக்க எழுந்து போனேன். குசினியில் உப்பு கரைந்துகொண்டிருந்த சுடுதண்ணீரின் மணம் எங்கள் பழைய வீட்டின் மணமாக இருந்தது.

அந்த வீடு உட்துறைமுகப் பக்கம். கடற்காற்றில் யன்னல் கம்பிகள் துருப்பிடித்து உரிந்து விழும். அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞர். ஒருமுறை அலுவலாகக் கொழும்புக்குப் போனவர், ஒரு பொலித்தீன் பையில் மூன்று தங்கமீன்களோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். அரிசியும் மாவும் வாங்கி அடுக்கிவைத்த காலம். “சண்டைக்குள்ள மீன் வளர்க்கிற ஒரே மனுசன் நீங்கள்தான்,” என்றா அம்மா. அப்பா பெரிய மீனுக்கு மகாராணி என்று பெயர் வைத்தார்.

ஒரு மாதத்துக்குள் வெள்ளைப் புள்ளி வந்தது. முதலில் உப்பு. உப்புக்குக் கேட்கவில்லை. ஒரு மீன் செத்தது. அப்பா எங்கோ தேடி, கொண்டிஸ் என்று சொல்லும் ஊதாத் தூளைக் கடதாசியில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். வழியில் ஆமியின் சென்றியில் மறித்து, விரித்துப் பார்த்து, என்ன தூள் என்று கேட்டிருக்கிறார்கள். மீனுக்கு மருந்து என்று அப்பா சொன்னாராம். ஆமிக்காரர் மற்றவரையும் கூப்பிட்டுக் காட்டி, “மீனுக்கும் காய்ச்சலா மாத்தையா?” என்று சிரித்தாராம். அன்று பின்னேரம் அப்பா இந்தக் கதையை மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும் சிரித்தார். கழற்றிப் போட்ட சட்டை முதுகில் முழுக்க நனைந்திருந்தது.

அடுத்த நாள் அப்பா வேலைக்குப் போனார். மத்தியானம் தூரத்தில் ஒரு வெடிச்சத்தம், பிறகு ஊரடங்கு. துறைமுகத்துக்குள் போன ஒருவரும் வெளியே வரவில்லை. அம்மா கதிரையை வாசலுக்கு நேரே போட்டுக்கொண்டு இருந்தா. நான் தொட்டிக்கு முன்னால். ஊதாத் தூள் கரைத்து விட்டும் அதற்குள் இரண்டாவது மீனும் செத்துவிட்டது. மகாராணி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. எனக்குப் பத்து வயது. அது செத்தால் அப்பாவும் வரமாட்டார் என்று எப்படியோ எனக்குள் முடிவாகிவிட்டது.

எங்கள் கிணறு பங்குக் கிணறு. இரண்டு வளவுக்கும் நடுவில் இருந்தது. எல்லைச் சுவர் அதன் மேலால் போகும். இந்தப் பக்கம் எங்கள் கப்பி, அந்தப் பக்கம் ரஜனி வீட்டுக் கப்பி. ரஜனி என் வகுப்பு. அவள் அந்தப் பக்கம் குனிந்து கிணற்றுக்குள் கதைத்தால் இந்தப் பக்கம் எனக்குப் பக்கத்தில் நின்று கதைப்பதுபோல் கேட்கும். தண்ணீரில் நெளியும் நுளம்புக் குடம்பிகளைத் தின்னட்டும் என்று சுகாதாரப் பகுதிக்காரர் அந்தக் கிணற்றில் சின்ன மீன்கள் விட்டிருந்தார்கள். ஊரெல்லாம் மலேரியா. அந்த மீன்கள் மட்டும் மருந்தில்லாமல் உப்பில்லாமல் கொழுத்துப்போய் ஓடித் திரிந்தன. அப்படியானால் அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர்தானே. இப்படித்தான் யோசித்தேன். மகாராணியை வாளியில் வைத்து மெதுவாக இறக்கினேன். அது தண்ணீருக்குள் போனதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அப்பா வந்தார், தாடியோடு. தொட்டி வெறுமையாக இருந்ததைப் பார்த்துவிட்டு முகம் கழுவப் போனார். எல்லாம் செத்துவிட்டன என்று நினைத்திருப்பார்.

அந்தக் கிழமையே வயிற்றோட்டம் பரவுகிறதென்று கிணறுகளுக்குக் குளோரின் போட்டார்கள். சில நாளில் சின்ன மீன்கள் செத்து மிதந்தன. ரஜனியின் அம்மா சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னா: “கண்டீங்களே அண்ணை, அளவு தெரியாமக் கொட்டிப்போட்டுப் போயிட்டாங்கள். இதைத்தான் நாங்களும் குடிச்சனாங்கள்.”

அப்பா பழைய நுளம்புவலைத் துண்டால் மீன்களை அள்ளினார். ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். நான் பக்கத்தில் நின்றேன். மகாராணி மட்டும் மிதக்கவில்லை. அதன் உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கையை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார்.

“ஓம் தங்கச்சி,” என்றார். “குளோரின்தான்.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் இதைப் பற்றிக் கதைத்ததே இல்லை.

புது மீன் விட ஒருவரும் வரவில்லை. கிட்டத்தட்ட ஒரு மாதம் கழித்து, கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கலாம், ரஜனிக்குக் காய்ச்சல். ஆமி ஊரைச் சுற்றிவளைத்துத் தேடிய நாள், ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக ஏலாமல் போயிற்று. மறுநாள் கொண்டுபோனபோது மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். பிழைத்தாள். இடது காது போய்விட்டது. காய்ச்சலாலா மருந்தாலா என்று டொக்டர்மாருக்கே நிச்சயமில்லை. வீட்டுக்கு வந்தபின் நான் கிணற்றுக்குள் குனிந்து கூப்பிட்டால் முதல் தரத்தில் பதில் வராது.

நுளம்பு எந்தக் குட்டையிலும் பெருகும், எந்த வீட்டிலிருந்தும் வந்து கடிக்கும். எனக்கு நானே இதைச் சொல்லாத வருடம் இல்லை. ஆனால் அந்த வெள்ளைப் புள்ளி மீனிலிருந்து கழன்று அடியில் விழுந்து, அங்கே நூற்றுக்கணக்கில் பெருகி, வேறு மீனைத் தேடிப் போகும் என்று வளர்ந்தபின் ஒரு புத்தகத்தில் வாசித்த நாளில் அதை மூடி அலுமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

இப்போது அந்தச் சென்றி இல்லை. ஊரில் மலேரியா இல்லை. கிணற்றைக் கொங்கிறீட் போட்டு மூடிவிட்டார்கள், இரண்டு வீட்டுக்கும் குழாய்த் தண்ணீர். என்னோடு அந்தப் புள்ளிகளைப் பார்த்த ஒரே ஆளான அப்பாவும் போய்விட்டார்.

ரஜனி இருக்கிறாள். அன்புவழிபுரத்தில் வீடு, இரண்டு பிள்ளைகள். போன ஞாயிறு வந்திருந்தாள். “வலப்பக்கம் வந்து இரு, அப்பதான் கதை கேட்கும்,” என்று என்னை இழுத்து இருத்தினாள். “மனுசன் பேசத் தொடங்கினா நான் மற்றப் பக்கத்தைக் காட்டிப்போட்டு இருந்திடுவன்.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். மகாராணியைப் பற்றிச் சொல்ல வந்ததை விட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

சொன்னால் என் பாரம் குறையும், அது தெரியும். அவளுக்கு என்ன கிடைக்கும் என்றுதான் தெரியவில்லை. அப்பா மூடிய கையை நான் திறக்கலாமா என்பதும் தெரியவில்லை. இப்படியொன்றை நெடுநாள் கழித்து ஒருவரிடம் சொன்னவர்களோ, உங்களிடம் ஒருவர் வந்து சொல்லக் கேட்டவர்களோ இதை வாசித்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். வருகிற ஞாயிறும் அவள் வருவாள்.