திருநெல்வேலிப் பல்லும் மகாராஷ்டிரா லைசென்ஸும்

பல் டாக்டருக்குப் படித்தது தமிழ்நாட்டில், வாழ்க்கைப்பட்டது மும்பை தாராவியில். அங்கே செய்த பதிவை மகாராஷ்டிரா கவுன்சிலுக்கு மாற்றினால்தான் இங்கே வைத்தியம் பார்க்கலாம் என்பது ரயிலைவிட்டு இறங்கிய பிறகுதான் இந்த மேதைக்குத் தெரிந்தது. பதிவு மாறும்வரை மாமனார் வீட்டில் நான் திறந்த ஒரே வாய் என்னுடையதுதான், அதுவும் சாப்பிட.

ஒரு காலையில் பக்கத்து வீட்டு முருகேசன் மாமா வீங்கிய கன்னத்தோடு வந்தார்.

"இதப் பிடுங்கி விடுங்க மருமவனே."

"லைசென்ஸ் இன்னும் இந்த ஸ்டேட்டுக்கு மாறல மாமா."

"பல்லு என்ன மராத்தியா பேசுது? திருநவேலில மொளச்ச பல்லுய்யா இது!"

சட்டம் பல் முளைத்த ஊரைப் பார்க்குமா, டாக்டர் நிற்கிற ஊரைப் பார்க்குமா? ஒரு நிமிடம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கையும் துறுதுறுத்தது. ஆனால் மாட்டிக்கொண்டால் உள்ள பதிவும் போய்விடுமே! அவரை வடாலாவில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன்.

ஊசியைக் கண்டதும் மாமா என் கையைப் பிடித்தார். நோயாளியின் பக்கம் நின்று நான் ஊசியைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. எத்தனையோ பேருக்கு நானே போட்ட ஊசிதான். அங்கிருந்து பார்த்தால் அது இவ்வளவு நீளமா? கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"கைய விடுங்க மருமவனே! பல்ல விட அதுதான் வலிக்கி!"

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

பதிவு மாறி, இப்போது மாட்டுங்காவில் சொந்த கிளினிக். நாற்காலிக்குப் பக்கத்தில் கூட வருபவருக்கு ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறேன். தனியாக வருபவர்களுக்கு, ஊசியை எடுக்கும் முன் என் இடது கையை நீட்டிவிடுகிறேன்.