களா ஊசி

கோட்டைமேட்டில் மெத்தைக் கடை வைத்திருந்த உம்மல் குல்சுமைத் தெரியாதவர் அந்தப் பக்கத்தில் யாரும் இருக்க முடியாது. அவளைப் பெற்ற அத்தா விட்டுப்போன கடை. கல்லாவில் உட்காருவது கணவர் மைதீன் பிச்சை. இலவம்பஞ்சை அடைத்து, கோணூசியால் தைத்து, மெத்தையை மெத்தையாக்குவது குல்சும். வாய் கொஞ்சம் நீளம்தான். கை அதைவிட வேகம்.

அப்படிப்பட்டவளுக்கா இளைப்பு வரவேண்டும்? தொண்ணூற்று நாலில் ஆரம்பித்தது. பழைய மெத்தையைப் பிரித்தால் போதும், அடுக்குத் தும்மல். கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள் விசில். மைதீன் பிச்சை அவளை ஆர்.எஸ்.புரத்து அலர்ஜி டாக்டர் பாலகோபாலிடம் கூட்டிப்போனார். முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்துக் குத்திப் பார்த்ததில், ஓர் இடம் மட்டும் கொசுக்கடி மாதிரி தடித்தது. மெத்தைத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத பூச்சியாம்.

"பாவம், அது உங்கள ஒண்ணும் பண்றதில்லீங்க. உங்க உடம்புதான் அத எதிரின்னு நெனச்சு மல்லுக்கு நிக்குது," என்றார் டாக்டர். "தொழில விட முடியுங்களா?"

"விட்டுப்போட்டு என்னங்க பண்றது?"

டாக்டர் மருந்து உறிஞ்சும் பம்பு எழுதிக்கொடுத்தார். கூடவே இன்னொரு வழியும் சொன்னார். அதே பூச்சியின் சாற்றை முதலில் இத்துனூண்டு ஊசியாகப் போடுவது. வாராவாரம் கொஞ்சம் கூட்டுவது. பழகப் பழக உடம்பு சண்டையை விட்டுவிடும். வருஷக்கணக்காகும், எல்லோருக்கும் கேட்கும் என்றும் இல்லை.

"ஆகாத மருமகள மாமியா கொஞ்சங் கொஞ்சமா சேத்துக்கற மாதிரிங்களா?" என்றாள் குல்சும்.

"அதேதானுங்க," என்று சிரித்துவிட்டார் டாக்டர்.

முதல் ஊசிகளை அவரே போட்டார். பிறகு மருந்துக் குப்பியும் அளவுச் சீட்டும் வீட்டுக்குப் பக்கத்துக் கம்பவுண்டர் நரசிம்மலுவின் ஃபிரிட்ஜுக்குப் போயின. ஏதாவது ஆனால் உடனே போட வேண்டிய மாற்று ஊசியும் கூடவே இருந்தது. விசில் சத்தம் குறைய ஆரம்பித்தது. குல்சுமுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் ரமலான் வந்தது. ஊசி போட்டால் நோன்பு முறிந்துவிடும் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். நோன்பு திறந்த பிறகு போகலாமென்றால், அதற்குள் நரசிம்மலு கதவைச் சாத்திவிடுவார். மாதம் முழுக்க ஊசி இல்லை. பெருநாள் முடிந்ததும் போய் நின்றாள்.

"இடையில விட்டுப்போச்சேம்மா. டாக்டர ஒரு வார்த்த கேட்டுக்கலாமுங்களா?" என்று இழுத்தார் நரசிம்மலு.

"இதுக்கென்னங்க கேக்கறது? விட்ட நோன்புக்கெல்லாம் பெருநாள் கழிச்சு களா புடிச்சு ஈடுகட்டறோமில்ல? அதாட்டம் விட்ட ஊசியையும் சேத்துப் போட்டுப்போடுங்க."

மனுஷனுக்கு யாரிடமும் மாட்டேன் என்று சொல்ல வராது. விட்ட நாலையும் சேர்க்கப் பயந்து, இரண்டு அளவை மட்டும் ஒன்றாக உறிஞ்சிப் போட்டார். நல்ல கெட்டிக்காரர்கள், இரண்டு பேரும்!

குல்சும் செருப்பு மாட்டுவதற்குள் உள்ளங்கை அரித்தது. முகம் வீங்கி, தொண்டையை யாரோ பிடித்து நெரிப்பது போலிருந்தது. நரசிம்மலு ஓடிப்போய் மாற்று ஊசியை எடுத்துப் போட்டார். சத்தம் கேட்டு வந்த மைதீன் பிச்சை அழுதபடி அவளை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆர்.எஸ்.புரம் ஓடினார்.

சாயங்காலம் மூச்சு சரியானதும், என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டார். குல்சும் களாக் கணக்கைச் சொன்னாள். அவருக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"இதுக்குக் களா கெடையாதுங்கம்மா. விட்டா உடம்பு மறந்துபோகும். கீழ எறங்கி, மறுபடி மொதல்ல இருந்து ஏறோணும். இனி இங்கயே வந்து போட்டுக்குங்க. போட்டதும் அரைமணி நேரம் உக்காந்துட்டுத்தான் போகோணும்."

வீட்டுக்கு வந்ததும் மைதீன் பிச்சை சொன்னார்: "ஏறவும் வேண்டாம், எறங்கவும் வேண்டாம். கடையக் குடுத்துப்போட்டு மளிகை வெச்சுக்கலாம். எனக்கு நீ இருந்தாப் போதும், புள்ள."

அவர் அப்படிச் சொன்னது குல்சுமுக்குப் பிடித்திருந்தது. கடை போகும் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. பஞ்சு மூட்டை மேல் தூங்கி வளர்ந்தவள் பருப்பு நிறுத்துக்கொண்டு உட்காருவதா?

"அடுத்த வருஷ நோன்புப் பெருநாள் வரைக்கும் பாக்கலாமுங்க. அப்பவும் இளைச்சா நீங்க சொல்றதே கேக்கறேன்."

சரி என்றார். ஆனாலும் பெருநாள் கழித்து வந்து கடையை விலைக்குப் பார்க்கும்படி கடைவீதி ஆளொருவரிடம் சொல்லியும் வைத்துவிட்டார்.

மறுபடி அடிமட்டத்திலிருந்து ஊசி. ஒரு வாரமும் தவறவில்லை. ரமலான் நெருங்கியதும், போன வருஷமே செய்திருக்க வேண்டியதைச் செய்தாள். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆளனுப்பிக் கேட்டாள். ஊசி ஆகாரம் இல்லையே, நோன்பு முறியாது, தாராளமாகப் போடட்டும் என்று பதில் வந்தது. இதை ஒரு வாய் கேட்காமல் உயிரை விடப் பார்த்தோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நோன்போடு போய் ஊசி போட்டு, அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

பெருநாளுக்கு முந்தின நாள், பேரூர்ப் பக்கத்திலிருந்து மயிலாத்தாள் என்பவர் தன் கல்யாண மெத்தையைக் கொண்டுவந்து இறக்கினார். புதுப்பஞ்சு கலந்து அடைத்துத் தர வேண்டுமாம். குல்சும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஒரு பக்கத்தைக் கிழித்தாள். முப்பது வருஷத் தூசி கடை முழுக்க எழும்பியது. மயிலாத்தாள் இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடினார். மைதீன் பிச்சை தும்மினார், மறுபடி தும்மினார், தும்மிக்கொண்டே பம்பைத் தூக்கிக்கொண்டு அவளிடம் ஓடிவந்தார்.

குல்சும் பஞ்சை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தும்மல் வந்தது. அதோடு சரி. நெஞ்சில் சத்தமே இல்லை.

"ஏனுங்க, அந்த பம்பு உங்களுக்குங்களா?"

மைதீன் பிச்சை பம்பைக் கல்லாவில் வைத்தார். கண்ணைத் துடைத்தார், தூசி என்று சொல்லிக்கொள்ளலாம். பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

"எங்கீங்க கெளம்பிட்டீங்க?"

"கடைய பாக்க ஒருத்தர வரச் சொல்லியிருந்தேன். வரவேண்டாம்னு சொல்லிப்போட்டு வாரேன்."